எண்ணும்போது கூப்பிடாதீங்க

அப்பா கிணறு வெட்டும் கூலி. பல்லடம் பக்கம் போர்வெல் வண்டிகள் வர ஆரம்பித்ததும் அவரைக் கூப்பிட ஆள் இல்லை. ராத்திரியோடு ராத்திரியாக 500 அடி துளை போட்டுவிட்டு வண்டி கிளம்பிவிடும். கடப்பாரைக்காரனுக்கு அங்கே என்ன வேலை? அப்புறம் குடி. அதை விடுங்கள். அம்மா சித்தாளாகப் போனார்.

நான் பள்ளிக்கூடம் போனதே சத்துணவுக்குத்தான். எட்டாவதில் கணக்கு 11 மார்க். 1994-ல் கோவை கணபதியில், கருகிப்போன மோட்டாருக்குப் புதுசாகக் கம்பி சுற்றிக் கொடுக்கும் ஒரு வைண்டிங் கடையில் அம்மா கொண்டுபோய் விட்டார். இரண்டு வேளை சோறு, வாரம் 60 ரூபாய். சோறு என்றதும் வேறு எதுவும் என் காதில் விழவில்லை.

முதல் ஆறு மாதம் பிரிக்கிற வேலை. மோட்டாரில் சுற்றாமல் நிற்கிற பாகம் ஸ்டேட்டர். கருகிய ஸ்டேட்டரில் காயிலை, அதாவது கம்பிச் சுருளை, உளியால் வெட்டி, கம்பி முனைகளை எண்ணி நோட்டில் எழுதி, உருவி எடுக்க வேண்டும். எத்தனை சோப்புப் போட்டாலும் கருகின வார்னிஷ் வாசம் சோறு பிசையும் கையில் இருக்கும்.

காயில் சுற்றவிட்டபோது ஒரு தடவை டீக்குக் கூப்பிட்டார்கள். திரும்பி வந்து, விட்ட இடம் இதுதான் என்று ஒரு குத்துமதிப்பில் தொடர்ந்தேன். மோட்டாருக்குக் கரண்ட் வருகிற மூன்று லைனை மூன்று பேஸ் என்போம். ஓட்டிப் பார்த்தால் ஒரு பேஸில் மட்டும் ஆம்ப்ஸ், அதாவது கரண்ட் அளவு, ஏறுகிறது. மேஸ்திரி திட்டவில்லை. அந்தக் காயிலைப் பிரித்து என் முன்னாலேயே எண்ணினார். 56 இருக்க வேண்டியது, 50.

"கண்ணு, ஆறு சுத்தை டீக்கடையில வெச்சுட்டு வந்துட்டயா?"

அன்று ராத்திரி அந்தக் காயிலை மூன்று தடவை சுற்றினேன். சுற்றை எண்ணிக் காட்டும் கவுண்டர் இல்லாத கை மெஷின். மூன்று தடவையும் 56. கணக்கு வராத பையன் என்று எழுதிவைத்தவர்களை நினைத்துச் சிரிப்பு வந்தது.

அதன் பிறகுதான் கருகின மோட்டாரைப் படிக்கக் கற்றுக்கொண்டேன். மூன்று பேஸ் காயிலையும் ஒன்றோடொன்று இணைக்க ஸ்டார், டெல்டா என்று இரண்டு விதம் உண்டு. ஸ்டார் கனெக்‌ஷன் மோட்டாரில் இரண்டு பேஸ் காயில் கரிந்து, மூன்றாவது புதுசு போல மினுங்கினால், லைனில் ஒரு பேஸ் போன பிறகும் ஓடியிருக்கிறது என்று அர்த்தம். டெல்டா என்றால் தலைகீழ். ஒரு பேஸ்தான் கரியும். எல்லாம் ஒரே மாதிரி கறுத்திருந்தால் ஓவர்லோடு. பம்பு இறுகியிருக்கலாம், வோல்டேஜ் குறைந்திருக்கலாம். விவசாயி வாயைத் திறக்கும் முன்பே நான் சொல்லிவிடுவேன். அந்தப் பெருமை இன்னும் போகவில்லை.

2006-லிருந்து உடுமலையில் சொந்தக் கடை. வருவதில் பாதி போர்வெல் மோட்டார். அப்பாவின் பிழைப்பைக் கெடுத்த அதே போரில்தான் என் வீட்டு உலை கொதிக்கிறது. அவர் இருந்திருந்தால் இந்தக் கடைக்குள் கால் வைத்திருப்பாரா, தெரியாது.

இப்போது ஒடிசாப் பையன் ஒருவன் இருக்கிறான். ஒடியாவில் எண்ணுகிறான், எனக்கு ஒன்றும் புரியாது. நேற்று டீ வந்ததும், "தம்பி, வாடா" என்றேன். திரும்பவே இல்லை. வலது கை சுற்றிக்கொண்டே இருக்க, இடது கையை மட்டும் என் பக்கம் தூக்கிக் காட்டினான், பொறு என்று.

டீயை மூடி வைத்தேன்.