குளச்சலும் மார்த்தாண்டமும்

"ராத்திரி விளக்கை அணைத்துவிடாதீர்கள் அத்தான், பயப்படுவாள்."

நாகர்கோவில் நீதிமன்ற வாசலில் இன்று ஒரு சித்தி, தான் வளர்த்த தாயில்லாக் குழந்தையை உத்தரவுப்படி அதன் அப்பாவிடம் ஒப்படைக்கும்போது அவரிடம் சொன்னது. வளைகுடாவிலிருந்து திரும்பியவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். எழுதி வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றியது எனக்கு.

இரண்டு பக்கமும் நல்லவர்களாக இருக்கும் வழக்குதான் கொடுமை.

2019இல் இதைப் போன்ற வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம், தாயை இழந்த குழந்தையைத் தாயின் சகோதரியிடமிருந்து தந்தையிடம் ஒப்படைத்தது. வளர்த்தவர்கள் வந்து பார்க்கவும் வழிசெய்தது. குழந்தையின் பாதுகாவலரை முடிவுசெய்யும் 1890ஆம் ஆண்டுச் சட்டப்படி, விவரம் தெரிந்த பிள்ளை என்றால் அதன் விருப்பத்தையும் நீதிபதி கேட்கலாம்.

பெற்றவரின் உரிமையை மறுக்கவில்லை. ஆனால் ஒரே மதியத்தில் வீடு மாற்றுவதா? சில வாரம் சனி, ஞாயிறு மட்டும் அப்பாவிடம் இருந்து பழகட்டுமே.

இரண்டு வீடுகளும் இருக்கிற குளச்சலுக்கும் மார்த்தாண்டத்துக்கும் இடையே பஸ்ஸா இல்லை?