செம்புழுதிக் காலமும் வயரில்லா வக்கியூம் கிளீனரும்

வைகாசியில் சோளகக் காற்று எழுந்துவிட்டால், பரந்தன்–முல்லைத்தீவு வீதியிலிருந்து உள்ளே பிரியும் கிரவல் ஒழுங்கைகளில் குடியிருப்பவர்களுக்குப் புரட்டாதி வரை புழுதியோடுதான் சீவியம். ஒரு டிப்பர் கடந்து போனால் போதும், காலையில் கூட்டித் துடைத்த விறாந்தையில் கால் அடையாளம் பதியும். தும்புத்தடி மணலையும் சருகையும் நன்றாகவே அள்ளும். ஆனால் மாவிலும் நைசான அந்தச் செம்புழுதியை அது தரையிலிருந்து கிளப்பிக் காற்றில் மிதக்க விடுகிறது. நாங்கள் கூட்டி முடித்துக் கையைக் கழுவும்போது அது மெத்தையிலும் மேசையிலும் மீண்டும் படியத் தொடங்கியிருக்கும். அம்மாவுக்குத் தொய்வு இருப்பதால், எங்கள் வீட்டில் வயரில்லாத வக்கியூம் கிளீனர் ஒன்று இடம்பிடித்ததற்கு இதுவே காரணம்.

சீமெந்துத் தரைக்கு இந்த இயந்திரத்தின் முழு இழுவை தேவையே இல்லை என்பது என் அனுபவம். கம்பளம் விரித்த வீடுகளை மனதில் வைத்துச் செய்யப்பட்ட முரட்டு நார்ப் பிரஷ், வெறும் தரையில் பருமணலை உள்ளே இழுப்பதற்குப் பதிலாக நாலாபுறமும் சிதறடிக்கும். மெத்தென்ற துணி உருளை பூட்டிய தலைதான் எங்கள் தரைகளுக்குப் பொருந்தும். வாசற்படி மண்ணுக்கும் முற்றத்துக்கும் இன்றும் விளக்குமாறுதான். இயந்திரம் தன் விலைக்கு நியாயம் செய்வது மெத்தை, துணிக் கதிரை, யன்னல் வலை, காற்றாடியின் இறக்கை ஆகிய இடங்களில்தான். "உதாலை மெத்தையை ஒருக்கா இழுத்துவிடு பிள்ளை" என்று இப்போது அம்மாவே நினைவூட்டுகிறார்.

இதன் உயிர்நாடி பில்டர். உள்ளே நுழையும் காற்று வேகமாகச் சுழற்றப்படும்போது பாரமான தூசி சுவரில் மோதிப் புழுதிக் கிண்ணத்தில் விழுகிறது; மிக நுண்ணியது மட்டும் காற்றோடு போய்ப் பில்டரில் சிக்குகிறது. ஹெப்பா தரத்திலான பில்டர் 0.3 மைக்ரோன் அளவுத் துகள்களில் 99.97 வீதத்தைத் தடுக்கக் கூடியது. எங்கள் மண்ணில் நுண்துகள் அதிகம் என்பதால், விற்பவர்கள் மாதமொரு முறை கழுவச் சொன்னாலும் கோடையில் அது போதாது. கிண்ணத்தை வீட்டுக்குள் திறந்தால் செய்த வேலை அத்தனையும் வீண். வேலியோரம் போய், காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, பில்டரை மெல்லத் தட்டினால் சிவந்த தூள் புகையாகக் கிளம்பும். உருளையில் சுற்றிய தலைமயிரைக் கத்தரிக்கோலால் நீளவாக்கில் வெட்டி எடுக்க வேண்டும். விறகடுப்புச் சாம்பலும் சாமியறையில் சிந்திய திருநீறும் பில்டரை உடனே அடைத்துவிடும். அடுப்புச் சாம்பலில் ஒரு தணல் ஒளிந்திருந்தால் ஆபத்தே வேறு. ஆகவே அவ்விரண்டுக்கும் ஈரத்துணிதான் சரி.

அடுத்தது பற்றரி. 25.2 வோல்ட், 2.5 ஆம்பியர்-மணி என்று எழுதியிருந்தால் அதில் உள்ளது 63 வாட்-மணிச் சக்தி; 400 வாட் இழுக்கும் உச்ச வேகத்தில் அது பத்து நிமிடம்கூட நிற்காது, 90 வாட்டில் ஓட்டினால் நாற்பது நிமிடம் தாராளமாக வரும். பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் நிமிடக் கணக்கு பெரும்பாலும் ஆகக் குறைந்த வேகத்துக்கு உரியது. லித்தியம் பற்றரிக்கு வெக்கை ஆகாது, 45 பாகைக்கு மேல் அதைச் சார்ஜ் செய்வதும் கூடாது. தகரக் கூரையின் கீழே மத்தியானத்தில் சுவரில் மாட்டி வைப்பதைவிட, இரவு குளிர்ந்த பிறகு சார்ஜில் போடுவது அதன் ஆயுளுக்கு நல்லது. மின்சாரம் நின்ற நேரத்திலும் வேலை நடக்கிறது என்பது, 2022ஆம் ஆண்டின் நீண்ட மின்வெட்டுகளைக் கடந்து வந்த எங்களுக்குச் சிறிய ஆறுதல் இல்லை.

கனடாவிலிருந்து உறவினர் கொண்டுவருவதாக இருந்தால், சார்ஜரின் அடியில் 100–240 வோல்ட் என்று எழுதியிருக்கிறதா என்று முதலில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அங்கே 120 வோல்ட், இங்கே 230; அங்குள்ள மின்சாரத்துக்கு மட்டும் செய்த சார்ஜர் இங்கே செருகியதும் கருகிப்போகும். உதிரிப் பற்றரியை விமானத்தில் கைப்பையில்தான் கொண்டுவர வேண்டும், 100 வாட்-மணிக்கு உட்பட்டால் பொதுவாகச் சிக்கலில்லை. பற்றரி கழற்றக்கூடிய மாதிரியையே கேளுங்கள்; கழற்ற முடியாததில் பற்றரி தளர்ந்துவிட்டால், நல்ல மோட்டரையும் சேர்த்தே மூலையில் போட வேண்டியிருக்கும்.

ஐப்பசியில் மழை தொடங்கியதும் புழுதி அடங்கி, காலில் ஒட்டிவரும் சேறு அதன் இடத்தைப் பிடிக்கும். சேற்றை இந்த இயந்திரத்தால் தொடவே கூடாது. கழுவிய பில்டர் நன்றாகக் காய ஒரு முழு நாளாவது வேண்டும். மாரியில் அதற்கு மேலும் ஆகும், ஈரத்தோடு பூட்டினால் மணமும் பூஞ்சணமும் பிடிக்கும். அதனால் வாங்கும்போதே இன்னொரு பில்டரையும் சேர்த்து வாங்கி, ஒன்று காயும்போது மற்றதைப் பூட்டுவதுதான் எங்கள் வீட்டு வழக்கம்.