விளக்கம் சொல்ல வந்தவர்கள்

ஏப்ரல் 5, சுங்கை சிப்புட், மலேசியா

எதிர்வீட்டு அக்காவின் மகனை நேற்று அடக்கம் செய்தோம். இருட்டில் விளக்குப் போடாமல் ரோட்டோரம் நிறுத்தியிருந்த செம்பனை லாரியில் மோட்டார் மோதிவிட்டது. 23 வயது. துக்கம் கேட்க வந்த ஒரு பெரியவர், நல்ல மனிதர்தான், கோயில் காரியமெல்லாம் முன்நின்று செய்பவர், "போன ஜென்மத்துக் கணக்கும்மா, தீர்ந்துபோச்சுன்னு நினைச்சுக்க" என்றார். அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பையனின் வேலைச் சட்டையை மடித்து, பிரித்து, காலரைத் தடவி, மறுபடியும் மடித்துக்கொண்டிருந்தார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. போன ஜென்மத்துக் கணக்கு என்றால் லாரியை நிறுத்தியவன் யார், கந்துவட்டிக்கார ஆலோங் அனுப்பிய வசூல் ஆளா?

ஏப்ரல் 6

தூக்கம் வரவில்லை. பெரியவர் சொன்ன கணக்கை நினைத்தால் லிஸ்பன்தான் ஞாபகம் வருகிறது. 1755 நவம்பர் 1, சகல புனிதர்கள் திருநாள் அன்று காலையில் அந்தப் போர்ச்சுகல் நகரத்து ஜனங்கள் தேவாலயங்களில் இருந்தபோதுதான் பூமி அதிர்ந்தது. அப்புறம் கடல் ஏறி வந்தது, அப்புறம் நாள்கணக்கில் தீ. கடவுள் படைத்திருக்கக்கூடிய உலகங்களிலேயே ஆகச் சிறந்தது இதுதான் என்று 1710இல் ஜெர்மன் தத்துவவாதி லைப்னிட்ஸ் எழுதிவைத்திருந்தார். தாய் மார்பில் நசுங்கிச் செத்த குழந்தைகள் என்ன குற்றம் செய்தன என்று பிரெஞ்சு எழுத்தாளர் வோல்தேர் கவிதையிலேயே கேட்டுவிட்டார். அந்தக் கேள்வி நம் தோட்டங்களுக்கும் பொருந்தும். 1942-43இல் சயாமுக்கும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கும் இடையே ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் இங்கிருந்து ஆயிரக்கணக்கில் தமிழர்களைக் கொண்டுபோனார்கள், காலராவிலும் பட்டினியிலும் செத்த பெரும்பாலானவர்களுக்குப் பெயர் போட்ட கல்லறைகூடக் கிடையாது. அத்தனை பேருக்கும் ஒரே வருசத்திலா வினை முதிர்ந்தது? விதி என்று சொன்ன மறுநிமிடமே கொண்டுபோனவன் தப்பித்துவிடுகிறான்.

ஏப்ரல் 11

அப்பர் பதிகம். சூலைநோயில் துடித்துக்கொண்டு திருவதிகையில் பாடியது. 'கூற்றாயினவாறு விலக்ககிலீர்' என்று முறையிட்ட கையோடு, 'கொடுமைபல செய்தன நானறியேன்' என்கிறார். நான் என்ன கொடுமை செய்தேன், எனக்குத் தெரியவில்லையே என்று. அதற்கப்புறம் குடலைச் சுருட்டி முடக்குகிறது, தாங்க முடியவில்லை என்று வலிக்கும் இடத்தைத் தொட்டுக் காட்டுகிறார். எத்தனை தடவை கேட்ட பாட்டு! நாமெல்லாம் ராகத்தோடு நின்றுவிடுகிறோம்.

ஏப்ரல் 15

ஐசன்ஹைம் மடத்துக்காக ஜெர்மன் ஓவியர் குரூனவால்ட் 1512 முதல் 1516 வரை வரைந்த பலிபீட ஓவியத்தைப் போனில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அசல் பிரான்சில், கொல்மார் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தோணியார் சபைத் துறவிகள் அந்த மடத்தில் நோயாளிகளைப் பார்த்தார்கள். பூஞ்சை பிடித்த தானியத்து ரொட்டியைத் தின்று கைகால் தீயாக எரிந்து அழுகிப்போனவர்கள். சிலுவையில் தொங்கும் இயேசுவின் உடம்பெல்லாம் புண், தோலில் முள் குத்தி அப்படியே நிற்கிறது, நிறம் பச்சை பாரித்துக் கிடக்கிறது, விரல்கள் முறுக்கிக்கொண்டு விறைத்திருக்கின்றன. அழகென்று சொல்ல ஒன்றுமில்லை. ஓவியர் அந்த நோயாளியின் உடம்பையே சாமிக்கு மாட்டிவிட்டார்.

மாரியம்மன் கதையும் எனக்கு இதற்குப் பக்கத்தில்தான் வருகிறது. முத்துப் போடுகிறவளும் அவள்தான், உடம்பெல்லாம் கொப்பளம் வாங்கி வேப்பிலை கட்டியவளும் அவள்தான். சின்ன வயதில் எனக்கு அம்மை கண்டபோது பாட்டி தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் வேப்பிலை செருகி, "ஆத்தா வந்திருக்கா, சத்தம் போடாதீங்க" என்றாள். என்ன பாவம் செய்தேன் என்று யாரும் விசாரிக்கவில்லை. மோரும் இளநீரும்தான் வந்தன.

ஏப்ரல் 21

16ஆம் நாள் காரியம் முடிந்து அக்கா இன்று கோயிலுக்கு வந்தார். கித்தா (ரப்பர்) மரங்கள் போய், லயமும் இடிபட்டு, செம்பனை நடுவில் தனியாக நிற்கிற பழைய தோட்டத்துக் கோயில். சன்னதிக்கு நேராக நின்றுகொண்டு, "கண்ணு இருக்கா உனக்கு? வருசா வருசம் பால்குடம் தூக்குனேனே, எதுக்குடி?" என்று கத்தினார், தொண்டை கட்டுகிற வரைக்கும். அக்காவுக்குப் பக்தி விட்டுப்போச்சு என்று எங்கள் தாமான் குடியிருப்பில் பேச்சு. எனக்கு அப்படித் தோன்றவில்லை, இல்லை என்று முடிவு கட்டிவிட்டவளிடம் யார் இவ்வளவு நேரம் மல்லுக்கு நிற்பார்கள்?

"இந்த வருசம் திருவிழாவுக்கு வரமாட்டேன்" என்றார் கடைசியில். பூசாரி ஐயா விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டே, "வரவேணாம்மா. திட்டணும்னு தோணுனா மட்டும் வா" என்றார்.

பெரியவர் இன்னும் பரிகாரம் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஒரு நாள் அவரை உட்காரவைத்து அந்தப் பதிகத்தைப் பாடிக் காட்டப்போகிறேன், என் குரல் சுமார்தான்.