பட்டன் பச்சையாகத்தான் இருந்தது

மார்ச் 1, 2025, சனி

இழுப்பறையில் இரண்டு வருடமாகத் தூங்கிக்கொண்டிருந்த நோட்எம்சியூ என்ற குட்டிக் கணினிப் போர்டை இன்று எழுப்பினேன். வைஃபை உள்ள ஈஎஸ்பி8266 சிப் அதில் இருக்கிறது. வேலை இதுதான்: பால்கனித் தொட்டிகளுக்கு ஒரு சின்ன 5 வோல்ட் பம்ப், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர். ஊரில் இல்லாதபோது செல்போனில் ஒரு பக்கத்தைத் திறந்து பட்டனைத் தட்டினால் செடிக்குத் தண்ணீர் போக வேண்டும்.

முதலில் எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன், போர்டிலேயே இருக்கும் நீல எல்இடியை ஏற்றி அணைப்பது. 'ஆன்' தட்டினால் அணைகிறது, 'ஆஃப்' தட்டினால் எரிகிறது! அரை மணி நேரம் புரோகிராமைத் துருவினேன். புரோகிராம் சரி. அந்த எல்இடியின் ஒரு முனை 3.3 வோல்ட்டில் இருக்கிறது, அதனால் மறுமுனை இருக்கும் பின்னை (சிப்பின் காலை) லோ, அதாவது பூஜ்ய வோல்ட் ஆக்கினால்தான் எரியும். தலைகீழ் என்று தெரிந்துவிட்டால் பிரச்சினையே இல்லை. தெரிவதற்குள்தான் மண்டை காய்ந்துவிடுகிறது.

மார்ச் 2, ஞாயிறு

ரிலே இணைத்தேன், சின்னக் கரண்ட்டால் பெரிய கரண்ட்டை ஏற்றி அணைக்கும் சுவிட்ச். இந்த சிப்பின் பின் 12 மில்லி ஆம்பியர்தான் தாங்கும், ரிலேக்குள் இருக்கும் கம்பிச் சுருள் 70 கேட்கும். நேரே கொடுக்கக் கூடாது, நடுவில் டிரான்சிஸ்டர் உள்ள மாட்யூலாக இருக்க வேண்டும். அதுவும் லோவில்தான் ஆன் ஆகிற ஜாதி.

'டிக்' சத்தம் கேட்டதும் ஒரு குழந்தைத்தனமான சந்தோஷம். திரையில் தட்டியதற்கு மேசைமேல் ஒரு இரும்புத் துண்டு அசைகிறதே! அப்புறம் கரண்ட்டைப் பிடுங்கிச் செருகினேன். யாரும் தட்டாமலேயே ரிலே படபடவென்று அடித்தது. நான் எடுத்திருந்தது டி4 என்ற பின், சிப்பின் கணக்கில் ஜிபிஐஓ 2. போர்டு விழிக்கும்போது அந்தப் பின் வழியாகத்தான் எதையோ உளறும். 0, 2, 15 மூன்றும் எந்த முறையில் விழிக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் பின்கள், ரிலேக்கு ஆகாது. டி1-க்கு மாற்றினேன். புரோகிராம் தொடங்கும் 'செட்டப்' பகுதியில் முதலில் அந்தப் பின்னுக்கு ஹை (3.3 வோல்ட், ரிலேக்கு ஆஃப்) எழுதிவிட்டு, அதற்கப்புறம் அதை அவுட்புட் ஆக்கினேன். சத்தம் நின்றது.

மார்ச் 3, திங்கள்

பம்பையும் போர்டையும் ஒரே யூஎஸ்பி வயரில் தொங்கவிட்டேன். பம்ப் ஓட ஆரம்பித்ததும் போர்டு ரீஸ்டார்ட். பம்புக்குத் தனி அடாப்டர். ரிலே நடுவில் இருப்பதால் இரண்டுக்கும் கிரவுண்டைக்கூட (மைனஸ் வயரை) சேர்க்க வேண்டியதில்லை.

மார்ச் 8, சனி

மதியம் தங்கை கத்தினாள்: "அண்ணா, பால்கனியில குளம் வெட்டியிருக்கியா?"

பத்து லிட்டர் வாளி காலி. பம்ப் வெறும் காற்றை உறிஞ்சி உறுமிக்கொண்டிருந்தது. சத்தியமாக நான் பட்டனைத் தொடவில்லை. செல்போனில் பிரவுசரைத் திறந்து வேறு எதையோ பார்க்கப்போனேன், அவ்வளவுதான்.

அந்த 'அவ்வளவுதான்' போதுமானதாக இருந்திருக்கிறது. நான் எழுதிய விதம் இது: முகவரியின் கடைசியில் 'மோட்டார்' என்று ஒரு வழி, அதைக் கேட்டாலே பம்ப் இருக்கும் நிலைக்கு எதிராகத் திரும்பும். காலையில் பார்த்த பக்கம் ஒரு டேபில் அப்படியே கிடந்தது. செல்போன் இடம் போதாமல் அந்த டேபைத் தூக்கியெறிந்திருக்கிறது. நான் பிரவுசரைத் திறந்ததும் பக்கத்தை மீட்க, அதே முகவரியை மறுபடி கேட்டிருக்கிறது. பாவம், அதற்கென்ன தெரியும்? போர்டு பவ்யமாகப் பம்பை ஓட்டிவிட்டது.

பிரவுசர் இப்படி ஒரு முகவரியைக் கேட்பதற்கு 'கெட்' என்று பெயர். அது எடுத்துப் பார்க்க மட்டும்தான், அதனால் எதுவும் மாறக் கூடாது என்று பிரவுசரும் சர்வரும் பேசும் மொழியான எச்டிடிபிக்கு 1996-இல் வந்த ஆவணத்திலேயே இருக்கிறது. படித்திருக்கிறேன். ஆனால் அது பெரிய கம்பெனிகளின் சர்வருக்கான சம்பிரதாயம் என்று நினைத்திருந்தேன். பால்கனியைத் துடைக்கும்போது அந்த நினைப்பையும் சேர்த்துத் துடைத்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

இன்று முழுக்கத் திருத்தம்.

மாற்றிப்போடும் வழியை எடுத்துவிட்டேன். 'ஓடு' தனி, 'நில்' தனி, இரண்டும் 'போஸ்ட்', அதாவது எதையாவது மாற்றச் சொல்லி அனுப்பும் வகை. 'நில்' பத்துத் தடவை போனாலும் நிற்கத்தான் செய்யும். நெட் திக்கி ஒரே கட்டளை இருமுறை போனாலும் கவலையில்லை.

இதைவிட முக்கியமானது, எவ்வளவு நேரம் ஓடலாம் என்பதைப் போர்டே பார்த்துக்கொள்ள வேண்டும். 'ஓடு' சொன்னபிறகு செல்போன் செத்தாலும், ரவுட்டர் படுத்தாலும், 20 விநாடியில் நின்றாக வேண்டும். முதலில் சோம்பேறித்தனமாக டிலே 20000 (அத்தனை மில்லிவிநாடி சும்மா இரு) என்று எழுதினேன். பம்ப் நின்றது, ஆனால் அந்த 20 விநாடியும் போர்டு யார் பேசினாலும் காது கொடுக்கவில்லை. 'நில்' தட்டியது அது தானாக நின்ற பிறகு போய்ச் சேர்ந்தது. நிறுத்த முடியாத நில் பட்டன்! போர்டு விழித்ததிலிருந்து மில்லிவிநாடிகளை எண்ணும் 'மில்லிஸ்' வைத்து ஒவ்வொரு சுற்றிலும் 'இப்போது கழித்தல் தொடங்கியது' எவ்வளவு என்று பார்க்கும்படி மாற்றியதும் சரியானது. மில்லிஸ் சுமார் 49.7 நாளில் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். கூட்டி ஒப்பிடாமல் இப்படிக் கழித்து ஒப்பிட்டால் அந்தத் திருப்பத்திலும் கணக்குத் தப்பாது.

மார்ச் 12, புதன்

மூன்று நாளாகப் பட்டன் ஒழுங்காகப் பச்சையாகி, ஒழுங்காகச் சாம்பலாகிக்கொண்டிருந்தது. இன்று மண்ணைத் தொட்டால் வறட்டு மண். பம்பின் ஒரு வயர் கழன்று தொங்குகிறது. எப்போது கழன்றதோ.

அந்தப் பச்சையை யார் பூசியது என்று தேடினால் நானேதான். விரல் பட்டதும் நிறம் மாறும்படி பக்கத்திலேயே எழுதிவைத்திருந்தேன், போர்டிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சரி, போர்டு பதில் சொன்னபிறகே பச்சை என்று மாற்றினேன். மாற்றிவிட்டுப் பார்த்தால் அதுவும் பெரிய முன்னேற்றம் இல்லை. போர்டுக்குத் தெரிந்தது 'பின்னை லோ ஆக்கினேன்' என்பது மட்டும். ரிலேயின் டிக்கும் அப்படித்தான், வயர் கழன்ற நிலையிலும் அழகாக டிக் என்றது.

1995-இல் அமெரிக்காவில் கென் கோல்ட்பெர்க் குழுவினர் 'டெலிகார்டன்' என்று ஒன்று வைத்திருந்தார்கள். நடுவில் ஒரு ரோபோ கை, சுற்றிலும் நிஜமான மண். யாரென்றே தெரியாதவர்கள் வலைப்பக்கம் வழியாக அதில் விதை போட்டுத் தண்ணீர் விட்டார்கள். தூரத்திலிருந்து திரையில் பார்ப்பதை எந்த அளவுக்கு நம்பலாம் என்று கோல்ட்பெர்க் பின்னால் நிறைய யோசித்தார். அங்கே கேமரா இருந்தது. என்னிடம் இருப்பது பச்சை வட்டம்.

மார்ச் 15, சனி

குழாயில் ஃப்ளோ சென்சார் போட்டேன். உள்ளே ஒரு சின்னச் சக்கரம், தண்ணீர் தள்ளத் தள்ள மின்துடிப்புகள் வரும், லிட்டருக்குச் சுமார் 450. அதன் சிக்னல் 5 வோல்ட், போர்டு 3.3. பத்துக்கிலோ ஓம், இருபது கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டை வைத்துப் பிரித்துக் கொடுத்தேன். ஏற்றியதும் போர்டு திரும்பத் திரும்ப விழுந்தது. போர்டு சொல்வதைக் கணினியில் காட்டும் சீரியல் மானிட்டரில் 'ஐஎஸ்ஆர் நாட் இன் ஐரேம்' என்று ஒரே வரி. துடிப்பை எண்ணும் ஃபங்ஷனை ஃபிளாஷில் விடாமல் ரேமில் வைக்கச் சொல்லி முன்னால் ஒரு சொல் சேர்க்க வேண்டும். சேர்த்தேன், எழுந்து உட்கார்ந்தது.

ஒரு லிட்டர் பாட்டிலை நிரப்பிப் பார்த்தேன், 431 துடிப்பு. அந்த எண்ணையே வைத்துக்கொண்டேன். பக்கத்தில் இப்போது இரண்டு வரி: 'கேட்டது', 'போன தண்ணீர்'. பச்சை வட்டத்தை அழித்துவிட்டேன். ஓடச் சொல்லி 5 விநாடிக்குள் ஒரு துடிப்பும் வராவிட்டால் பம்ப் நின்றுவிடும்.

மார்ச் 16, ஞாயிறு

வெளியூரிலிருந்து பக்கத்தைத் திறக்க, ரவுட்டரில் இந்தப் போர்டுக்கு நேராக ஒரு வாசலை (போர்ட்) திறந்துவிட்டால் பத்து நிமிட வேலை. செய்யவில்லை. 2016-இல் மிராய் என்ற தீய மென்பொருள் பிடித்ததெல்லாம் பாஸ்வேர்டை மாற்றாமல் இப்படித் திறந்துகிடந்த கேமராக்களும் ரவுட்டர்களும்தானே. என் போர்டில் பாஸ்வேர்டே இல்லை. பழைய கணினியில் வயர்கார்டு என்ற விபிஎன் (பூட்டிய தனிப் பாதை) போட்டு, செல்போன் அதன் வழியாக வீட்டுக்குள் வரும்படி வைத்தேன்.

மார்ச் 22, சனி

வெளியூரில் இருக்கிறேன். காலையில் பக்கத்தைத் திறந்து 'ஓடு' தட்டினேன்.

கேட்டது: ஓடு. போன தண்ணீர்: 0.

ஐந்தாவது விநாடியில் 'கேட்டது: நில்' ஆனது. தங்கைக்குப் போன் செய்தேன். பால்கனிக் கதவு திறக்கும் சத்தம், அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.

"வயரெல்லாம் சரியாத்தான் இருக்கு அண்ணா. வாளியில தண்ணி இல்ல. ரொப்பிவிடட்டுமா, இல்ல நானே மக்குல ஊத்திடட்டுமா?"