டிரெய்லர் ஃபர்னஸ் வென்ட்டில் ஒழுகல்: சுற்றி அடைக்கலாம், வாயை அடைக்கக் கூடாது

வண்டிக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் வீடு போன்ற டிரெய்லரில், மழை விட்ட மறுநாள் ஃபர்னஸ் (கேஸில் எரிந்து உள்ளே சூடேற்றும் கருவி) இருக்கும் அலமாரியின் தரை ஈரமாக இருந்தால், பெரும்பாலானோர் உடனே சிலிக்கான் குழாயை எடுத்து வெளிச்சுவரில் காற்றும் புகையும் போகும் வாயான வென்ட்டைச் சுற்றி ஒரு கோடு இழுத்துவிடுகிறார்கள். இதில் இரண்டு சிக்கல். தண்ணீர் அங்கேதான் நுழைகிறது என்று இன்னும் தெரியாது. தெரிந்தாலும், பழைய பசைமேல் போட்ட சிலிக்கான் நீண்ட நாள் நிற்காது. பிறகு எதைப் போட்டாலும் அந்தச் சிலிக்கான்மேல் ஒட்டவும் ஒட்டாது. அதைச் சுரண்டி எடுப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிடும்.

முதலில் அமைப்பு. அமெரிக்கா, கனடாவில் ஓடும் டிராவல் டிரெய்லர்களில் அதிகம் பார்ப்பது சபர்பன் ஃபர்னஸ், அல்லது அட்வுட் (இப்போது டொமெட்டிக்) ஃபர்னஸ். சபர்பன் எஸ்எஃப் வரிசையில் வெளிப்பக்கம் கதவு கிடையாது. இரண்டு குழாய் பொருத்திய ஒரு தகடு மட்டும் சுவரில் இருக்கும். ரிப்பேர் எல்லாம் உள்ளிருந்துதான். என்டி வரிசை போன்றவற்றில் வெளியே திறக்கும் பெரிய கதவு உண்டு. எதுவானாலும் ஒரு குழாய் எரிவதற்கான காற்றை வெளியிலிருந்து இழுக்கும், மற்றது புகையை வெளியே தள்ளும். டிரெய்லருக்குள் சுழலும் சூடான காற்று இவற்றோடு கலப்பதில்லை. எரியறையின் வெளிப்புறத்தை உரசிக்கொண்டு போய்ச் சூடேறுகிறது, அவ்வளவுதான்.

அதனால் ஒழுகலும் இரண்டு வகை. குழாயின் வாய்க்குள் புகும் தண்ணீர் எரியறைக்குப் போகும். தரையில் பெரும்பாலும் தெரியாது, உள்ளே துருவேற்றும். தகட்டின் பின்னால் புகும் தண்ணீர் சுவருக்குள் இறங்கி மரச்சட்டத்தையும் தரைப் பலகையையும் ஊறவைக்கும். அலமாரியில் ஈரம் என்றால் அநேகமாக இந்த இரண்டாவது வகை. இல்லாவிட்டால் வென்ட்டுக்குச் சம்பந்தமே இல்லாத மூன்றாவது ஒன்று.

அந்த மூன்றாவதை முதலில் ஒதுக்க வேண்டும். கூரையோரத்தில் இருக்கும் சின்ன மார்க்கர் விளக்கு, ஆனிங் (வெயில் மறைப்புத் துணி) தண்டவாளத்தின் ஸ்க்ரூ, மேலே இருக்கும் ஜன்னலின் விளிம்பு, கூரையும் சுவரும் சேரும் இடம் என எங்கிருந்து புகுந்தாலும் தண்ணீர் சுவருக்குள் சட்டத்தைப் பிடித்துக்கொண்டே இறங்கும். சுவரில் பெரிதாக வெட்டிய முதல் ஓட்டை எதுவோ அங்கே வெளியே வரும். ஃபர்னஸுக்காக வெட்டிய ஓட்டைதான் பல டிரெய்லர்களில் அது. பழி வென்ட்டின்மேல் விழுகிறது.

கண்டுபிடிக்கத் தோட்டக் குழாய் போதும். பிரஷர் வாஷர் வேண்டாம். ஒழுகாத நல்ல அடைப்பையும் அது பெயர்த்துவிடும். கேஸை அடைத்து, தெர்மோஸ்டாட்டை அணைத்து, வென்ட்டின் இரண்டு வாயையும் பெயின்டர் டேப்பால் தற்காலிகமாக மூடுங்கள். ஒருவர் உள்ளே டார்ச்சோடு உட்காரட்டும். வெளியே இருப்பவர் அழுத்தமில்லாமல், தகட்டுக்குக் கீழே தொடங்கி மேல்நோக்கிப் போக வேண்டும்: கீழ் விளிம்பு, பக்கங்கள், மேல் விளிம்பு, பிறகு ஜன்னல், கடைசியில் கூரையோரம். ஒவ்வோர் இடத்திலும் பத்து நிமிடம். மேலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்துவிடும், எது காரணம் என்று சொல்லவே முடியாது. சுவருக்குள் தண்ணீர் மெதுவாகத்தான் நகரும், அவசரப்பட்டால் தவறான இடத்தைப் பிடிப்பீர்கள். ஊசி வைத்த ஈரமானி ஒன்று வாங்கிக்கொள்வது நல்லது. மரத்தில் 15 சதவீதத்துக்குக் கீழே காட்டினால் கவலையில்லை, 20-ஐத் தாண்டினால் அங்கே தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது. சோதனை முடிந்ததும் டேப்பைக் கையோடு எடுத்துவிடுங்கள்.

மழையே இல்லாமல் ஈரம் வருகிறதா? ஃபர்னஸின் கேஸான புரொப்பேன் எரிந்தால் நீராவி உண்டாகும். ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஏறத்தாழ 1.6 கிலோ தண்ணீர். முப்பதாயிரம் பிடியு (வெப்ப அலகு) ஃபர்னஸ் ஒரு மணி நேரம் இடைவிடாமல் எரிந்தால் சுமார் ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் புகைக்குழாய் வழியே போகிறது. குளிர்காலையில் வென்ட்டிலிருந்து கொஞ்சம் சொட்டுவது இதனால்தான், அது சகஜம். ஆனால் ஃபர்னஸ் ஓடும்போது மட்டும் சுவருக்குள் ஈரம் ஏறினால் அது ஒழுகல் இல்லை, புகைக்குழாயின் இணைப்பு விட்டிருக்கிறது. நீராவி போகும் வழியில் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவும் போகும். அதைச் சரிசெய்யும்வரை ஃபர்னஸைப் போடாதீர்கள்.

இனி தகட்டின் பின்னால் புகும் தண்ணீர். நெளி அலுமினியச் சுவர் உள்ள டிரெய்லர்களில் இது மிக அதிகம், காரணமும் எளிது. தகடு தட்டை, சுவர் மேடும் பள்ளமுமாகப் படுக்கைவாட்டில் ஓடுகிறது. தகட்டின் இடது வலது விளிம்புகள் பல பள்ளங்களைக் கடக்கின்றன. ஒவ்வொரு பள்ளமும் தகட்டுக்குப் பின்னால் போகும் ஒரு குட்டி வாய்க்கால். தொழிற்சாலையில் ஒட்டிய ஒற்றைச் சுற்று டேப் வெயிலிலும் குளிரிலும் சுருங்கி, அந்தப் பள்ளங்களில்தான் முதலில் விடும். வழவழப்பான ஃபைபர்கிளாஸ் சுவரில் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் அங்கே தண்ணீர் புகுந்தால் பின்னாலுள்ள ஒட்டுப்பலகை பிரிந்து சுவரே உப்பத் தொடங்கும், செலவு பல மடங்கு.

சரிசெய்வதற்குத் தகட்டைக் கழற்றியே ஆக வேண்டும். மேலே பூசிச் சமாளிக்கப் பார்ப்பது வீண். சிலிண்டர் வால்வை மூடி, பன்னிரண்டு வோல்ட் இணைப்பைத் துண்டித்து, ஃபர்னஸ் முழுக்க ஆறியபின் தொடங்குங்கள். ஸ்க்ரூ தலைகள் பெரும்பாலும் சதுரக் குழி கொண்டவை. இரண்டாம் நம்பர் சதுர பிட் கையிலிருந்தால் தலை சிதையாது. தகட்டை நெம்ப பிளாஸ்டிக் பட்டை மட்டும். இரும்புக் கத்தி அலுமினியத்தைக் கீறிவிடும். பழைய பசை கெட்டியாக இருந்தால் ஹீட் கன்னைக் குறைந்த சூட்டில் காட்டினால் இளகும். எஸ்எஃப் வரிசையில் தகட்டோடு சேர்ந்து இரண்டு குழாயும் வெளியே வரும்; எவ்வளவு ஆழம் உள்ளே இருந்தன, எந்தப் பக்கம் மேல் என்று கழற்றும்போதே போனில் படம் எடுத்து வையுங்கள்.

இப்போது உள்ளே மரம் தெரியும். ஸ்க்ரூ டிரைவர் முனையால் குத்திப் பாருங்கள். கறுத்திருந்தாலும் கெட்டியாக இருந்தால் மின்விசிறி வைத்து நன்றாகக் காயவிட்டால் போதும். முனை மெத்தென்று இறங்கினால் அந்தத் துண்டை மாற்றத்தான் வேண்டும். ஈர மரத்தை உள்ளே வைத்து மூடினால் நல்ல சீல் உங்களுக்கே எதிரியாகும், ஈரம் வெளியேற வழியிருக்காது. ஸ்க்ரூ ஓட்டை பெரிதாகியிருந்தால் மரக்குச்சியில் பசை தடவி அடைத்து, காய்ந்தபின் புதிதாகத் துளையிடுங்கள். பழைய துருப்பிடித்த ஸ்க்ரூவைத் தூக்கிப் போட்டுவிட்டு ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ போடுங்கள். துருவேறிய ஸ்க்ரூவின் வழியேகூடத் தண்ணீர் உள்ளே இறங்கும்.

சுவரிலும் தகட்டிலும் உள்ள பழைய பசையை மினரல் ஸ்பிரிட்டால் துடைத்து, பிறகு ஐசோப்ரோபைல் ஆல்கஹாலால் ஒருமுறை துடைக்கவும். பிசுக்கு இருந்தால் எந்த டேப்பும் ஒட்டாது. அடுத்தது பியூட்டைல் டேப் (பிசின்போல மெத்தென்று ஒட்டும் ரப்பர் பட்டை): எட்டில் ஒரு அங்குல தடிமன், முக்கால் அல்லது ஒரு அங்குல அகலம். ஓரமாக ஒரு சுற்று ஒட்டிவிட்டு முடித்துவிடாதீர்கள். முதலில் ஒவ்வொரு பள்ளத்தின் நீளத்துக்கும் சின்னத் துண்டு வெட்டி, பள்ளம் மேட்டோடு சமமாகும்வரை நிரப்புங்கள். அதன்மேல்தான் முழுச் சுற்று. டேப்பின் இரு முனைகள் சேருமிடம் கீழ் விளிம்பில் வரட்டும், மேலே வேண்டாம். புகைக்குழாயை ஒட்டி டேப்போ, ஸ்பிரே ஃபோமோ எதுவும் போகக் கூடாது. அந்தக் குழாய் அடிக்கும் சூட்டில் ஃபோம் தீப்பிடிக்கும். சீல் தகட்டின் வெளிவிளிம்பில் மட்டும்.

தகட்டைத் திரும்ப வைக்கும்போது இரண்டு குழாயும் ஃபர்னஸின் முனைகளோடு முழுசாகச் சேர்ந்ததா என்று உள்ளிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். எவ்வளவு நீளம் ஒன்றன்மேல் ஒன்று ஏற வேண்டும் என்பது அந்தந்த மாடலின் கையேட்டில் இருக்கும். பள்ளம் நிரப்பியதால் தகடு சற்று வெளியே தள்ளியிருக்கலாம், அந்த அளவு இணைப்பு குறையும் என்பதை மறக்க வேண்டாம். இந்த வேலையிலேயே உயிருக்கு ஆபத்தான இடம் இதுதான். ஸ்க்ரூவைக் கையால், எதிரெதிர் மூலையாக மாற்றி மாற்றி முடுக்குங்கள். பியூட்டைல் எல்லாப் பக்கமும் பிதுங்கி வரவேண்டும். ஒரு நாள் வெயிலில் விட்டால் இன்னும் பிதுங்கும். மறுபடி கால் சுற்று முடுக்கி, பிளாஸ்டிக் பட்டையால் மிச்சத்தைச் சீவிவிடுங்கள்.

அதற்குமேல் வழியாத வகை சீலன்ட்டை (அடைக்கும் பசை) மேல் விளிம்பிலும் இரு பக்கமும் மெல்லிசாக இழுத்துவிடுங்கள். சீலன்ட் தயாரிக்கும் டைகார் கம்பெனியில் கூரைக்கென்று தானாகப் பரவும் வகையும் உண்டு. சுவரில் அதைப் போட்டால் வழிந்து தரைக்கு வந்துவிடும், டப்பாவைப் பார்த்து வாங்கவும். கீழ் விளிம்பில் சீலன்ட் வேண்டாம். எப்படியும் ஒருநாள் கொஞ்சம் புகும், புகுந்தது வெளியேற அந்த வழிதான் இருக்கிறது.

வெளிக்கதவு உள்ள மாடல்களில் கதவைச் சுற்றியுள்ள சட்டத்துக்கும் இதே முறை. கதவின் கேஸ்கெட் (விளிம்பில் அடைக்கும் பட்டை) தட்டையாகிக் கெட்டித்துப் போயிருந்தால் கம்பெனிப் பாகத்தையே வாங்கி மாற்றுங்கள், கடையில் கிடைக்கும் ஏதோவொரு ஃபோம் பட்டையால் சமாளிக்க வேண்டாம். கதவின் அடியில் தண்ணீர் வடியும் பிளவு இருந்தால் அதை அடைத்துவிடாதீர்கள்.

வாய்க்குள் புகும் தண்ணீருக்கு வருவோம். டிரெய்லரை இழுத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் போகும்போது சாய்வாக அடிக்கும் மழையும், சக்கரம் வாரியடிக்கும் தண்ணீரும்தான் இங்கே முக்கியம். பயணத்தின்போது மட்டும் மூடிவைக்கலாம். காந்த மூடி என்று விற்பதை நம்பிவிடாதீர்கள், அலுமினியத்திலும் ஃபைபர்கிளாஸிலும் காந்தம் ஒட்டாது. ஸ்டெயின்லெஸ் தகட்டிலும் பல வகைகளில் ஒட்டாது. டேப்பால் ஒட்டும் மூடியே மேல். மூடினால் தெர்மோஸ்டாட்டின்மேல் ஒரு சீட்டு ஒட்டிவிடுங்கள், மூடியை எடுக்காமல் யாரும் ஃபர்னஸைப் போட்டுவிடாதபடி. நிறுத்தியிருக்கும்போது கூரைத் தண்ணீர் வென்ட்டின்மேல் கொட்டினால், ஃபர்னஸ் புகை படாத உயரத்தில் சற்றுச் சாய்வாக ஓர் அலுமினிய வடிபட்டை ஒட்டலாம். பிளாஸ்டிக் பட்டை சூட்டில் வளைந்துவிடும்.

மண்கூடு கட்டும் குளவிகளுக்காகப் பலர் வென்ட் வாயில் கம்பி வலை மாட்டுகிறார்கள். வலை காற்றோட்டத்தைக் குறைக்கும், துரும்பு படிந்தால் இன்னும் மோசம். சும்மா நிறுத்தியிருக்கும் மாதங்களில் மாட்டலாம். ஃபர்னஸ் ஓடும்போது கழற்றியே ஆகவேண்டும்.

எல்லாம் முடிந்தபின் கார்பன் மோனாக்சைடு அலாரத்தின் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். பின்னால் அச்சிட்ட காலாவதித் தேதியையும் பாருங்கள், இவற்றுக்கு ஆயுள் மாடலைப் பொறுத்து 5 முதல் 10 வருடம். பிறகு கேஸைத் திறந்து ஃபர்னஸைக் கால் மணி நேரம் ஓட விடுங்கள். வென்ட்டைச் சுற்றிக் கரிப்படிவு, தீய்ந்த நாற்றம், பற்றவைப்பதற்குள் இரண்டு மூன்று முறை முயல்வது — இதில் எது இருந்தாலும் எரியறையில் துரு ஏறியிருக்கலாம். அப்போது டெக்னீஷியனைக் கூப்பிட வேண்டும். எரியறையில் விரிசல் இருந்தால் மாற்றுவதைத் தவிர வழியில்லை. எதுவும் இல்லையென்றால் இரண்டு வாரம் கழித்து ஈரமானியை மறுபடி மரத்தில் வைத்துப் பாருங்கள், 15-க்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும்.