கேசட்டில் மிஞ்சிய இரவுகள்: ஒரு நாட்குறிப்பு

2 பிப்ரவரி 2025

நேற்றிரவு வெகுநேரம் வெல்வெட் அண்டர்கிரவுண்ட் என்ற அமெரிக்க ராக் குழுவின் பழைய நேரடிப் பதிவு ஒன்றைக் கேட்டுக்கொண்டிருந்தேன். நியூயார்க்கின் மேக்ஸ் கன்சாஸ் சிட்டி விடுதியின் மாடியறையில், 1970 ஆகஸ்ட் 23 அன்று நடந்த நிகழ்ச்சி அது. முதன்மைப் பாடகர் லூ ரீட் குழுவை விட்டு விலகியதற்கு முந்தைய கடைசி இரவு. பதிவுசெய்தவர் ஒலிப்பதிவுத் தொழில் தெரிந்தவர் அல்லர். ஓவியர் ஆண்டி வார்ஹோலின் வட்டத்தைச் சேர்ந்த பிரிஜிட் போல்க், தம்மோடு கொண்டுவந்த சிறிய கேசட் கருவியில் அதைப் பிடித்தார். ஆகவே பாட்டுக்குக் கிடைத்த அதே இடம் அவருடைய மேசையின் அரட்டைக்கும் கிடைத்துவிட்டது; பாடல்களுக்கு நடுவே கவிஞர் ஜிம் கேரல் தமக்கு மது வேண்டும் என்று கேட்கும் குரல் துல்லியமாக விழுகிறது. கருவுற்றிருந்த வழக்கமான டிரம்ஸ் கலைஞர் மோ டக்கருக்குப் பதிலாக, குழுவிலிருந்த டக் யூலின் தம்பி பில்லி டிரம்ஸ் வாசித்தார். மோவின் சிக்கனமான அடிக்குப் பழகிய காதுக்கு இவர் வாசிப்பு கொஞ்சம் மிகைதான். ஆனாலும் 1972இல் இசைத்தட்டாக வெளிவந்த இந்தப் பதிவைத்தான், அக்குழுவின் சீரான ஸ்டுடியோ ஆல்பங்களைவிட நான் அதிகம் நாடுகிறேன். ஸ்டுடியோ நமக்குப் பாடலைத் தருகிறது. அந்தப் பாடலைப் பாதி கவனத்தோடு கேட்டவர்களையும் சேர்த்துத் தருவது இத்தகைய கேசட்தான்.

5 பிப்ரவரி

ஒலிநாடாவைவிட மனித நினைவே மேலோங்கி நிற்கும் நிகழ்ச்சி என்றால், 1976 ஜூன் 4 அன்று மான்செஸ்டரின் லெஸ்ஸர் ஃப்ரீ டிரேட் ஹாலில் லண்டனின் பங்க் ராக் குழுவான செக்ஸ் பிஸ்டல்ஸ் வாசித்ததைத்தான் சொல்ல வேண்டும். ஹோவர்ட் டெவோட்டோவும் பீட் ஷெல்லியும் அதை ஏற்பாடு செய்தார்கள். அவர்களுடைய பஸ்காக்ஸ் குழு அன்று மேடையேறும் நிலையில் இல்லாததால், ஜூலை 20இல் நடந்த இரண்டாம் நிகழ்ச்சியில்தான் வாசித்தது. முதல் நாள் வந்தவர்கள் ஏறத்தாழ நாற்பது பேர். பிற்காலத்தில் அங்கே இருந்ததாகச் சொல்லிக்கொண்டவர்களைச் சேர்த்தால் பல அரங்குகள் நிரம்பும். அன்று அங்கே இருந்த பீட்டர் ஹுக் மறுநாளே ஒரு பேஸ் கிட்டார் வாங்கினார் என்பதும், அவரும் பெர்னார்ட் சம்னரும் சேர்ந்து தொடங்கிய முயற்சியே பின்னர் ஜாய் டிவிஷன் என்ற புகழ்பெற்ற குழு ஆனது என்பதும் இந்தக் கதையில் என்னை ஈர்க்கும் பகுதி. பிரமாதமாக வாசித்த ஒரு குழுவைப் பார்த்திருந்தால் அவர் கருவி வாங்கியிருப்பாரா என்பது சந்தேகமே.

9 பிப்ரவரி

கிராம்ப்ஸ் என்ற ராக் குழு கலிஃபோர்னியாவின் நாபா மனநல மருத்துவமனையில் 1978 ஜூன் 13 அன்று வாசித்த காணொளியை இன்று மீண்டும் பார்த்தேன். கறுப்பு வெள்ளைப் படம், மங்கலான வெளிச்சம், இரைச்சலான ஒலி. மொத்தம் சுமார் இருபது நிமிடம். நியூயார்க்கிலிருந்து மூவாயிரம் மைல் கடந்து உங்களுக்காக வாசிக்க வந்திருக்கிறோம் என்று பாடகர் லக்ஸ் இன்டீரியர் அறிவிக்கிறார். நீங்கள் பித்துப் பிடித்தவர்கள் என்று யாரோ சொன்னார்கள், எனக்கு அப்படித் தெரியவில்லை என்றும் சேர்த்துக்கொள்கிறார். அதற்குப் பிறகு மேடைக்கும் கூட்டத்துக்கும் இருந்த கோடு அழிந்துவிடுகிறது. நோயாளிகள் ஆடுகிறார்கள், மேலே ஏறுகிறார்கள், மைக்கில் தம் குரலையும் கலக்கிறார்கள். பாடகர் யாரையும் விலக்கவில்லை, அவர்களோடு தரையில் புரள்கிறார்.

இதைப் பார்க்கும்போதெல்லாம் ஓர் உறுத்தலும் கூடவே வருகிறது. படம்பிடிக்கப்படுவதற்கு அவர்கள் எந்த அளவுக்குத் தெரிந்து இசைந்தார்கள் என்ற கேள்வியை ஒதுக்கிவிட்டு, இதை வெறும் ராக் புராணமாகக் கொண்டாடுவது நேர்மையாகாது. அதேசமயம், அங்கே ஆடுகிறவர்களின் முகத்தில் தெரியும் மகிழ்ச்சியை நான் இட்டுக்கட்டிப் பார்க்கவில்லை. இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொண்டுதான் பார்க்க வேண்டியிருக்கிறது.

16 பிப்ரவரி

மேற்கில் ‘அண்டர்கிரவுண்ட்’, அதாவது பொதுவோட்டத்துக்கு வெளியே இயங்கும் இசை, என்பது பெரும்பாலும் ரசனை சார்ந்த தேர்வு. கம்யூனிஸ்ட் ஆட்சியிலிருந்த செக்கோஸ்லோவாக்கியாவில் அது காவல்துறை சார்ந்த விஷயம். அந்நாட்டின் பிளாஸ்டிக் பீப்பிள் ஆஃப் தி யூனிவர்ஸ் என்ற ராக் குழு 1970இல் தொழில்முறை உரிமத்தை இழந்தபின், தனியார் விழாக்களின் பெயரில்தான் வாசிக்க முடிந்தது. 1976 பிப்ரவரியில் பொயனோவித்சே கிராமத்தில் நடந்த பெரிய நிகழ்ச்சி, அவர்களை வழிநடத்திய இவான் யிரோஸின் திருமணத்தையொட்டிக் கூடிய கூட்டம். அடுத்த மாதமே கைதுகள் தொடங்கின. செப்டம்பரில் யிரோஸுக்குப் பதினெட்டு மாதச் சிறை விதிக்கப்பட்டது. அந்த வழக்குக்கு எழுந்த எதிர்ப்பே 1977 ஜனவரியில் ‘சாசனம் 77’ என்ற மனித உரிமை அறிக்கை உருவாவதற்கு ஒரு முக்கியக் காரணம். அதை உருவாக்கியவர்களில் ஒருவரான நாடகாசிரியர் வாத்ஸ்லாவ் ஹாவெல் தம் கிராமத்து வீட்டை இக்குழுவினருக்குத் திறந்துவிட்டார். கல்யாண வீட்டுக் கச்சேரியை அரசு இவ்வளவு உன்னிப்பாகக் கேட்டதே அக்குழுவுக்குக் கிடைத்த பெரிய பாராட்டு என்று சில வேளை தோன்றும், சிறை சென்றவர்களுக்கு அது எந்த ஆறுதலும் அல்ல என்றாலும்.

23 பிப்ரவரி

இந்த வாரம் முழுவதும் அமெரிக்க ராக் குழுவான ஃபுகாசி. வாஷிங்டனில் 1987 செப்டம்பர் 3 அன்று முதல் நிகழ்ச்சி, லண்டனில் 2002 நவம்பர் 4 அன்று கடைசி நிகழ்ச்சி. இடையில் வாசித்தவற்றில் எண்ணூறுக்கும் மேற்பட்டவற்றை அவர்களுடைய ஒலிப்பொறியாளர்களே பதிவுசெய்து வைத்திருந்தார்கள். 2011இலிருந்து அவை இணையத்தில் ஒவ்வொன்றாகத் திறக்கப்பட்டன. நுழைவுக்கட்டணம் பெரும்பாலும் ஐந்து டாலரைத் தாண்டக் கூடாது, எந்த வயதினரும் வரலாம் என்பவை அவர்களுடைய விதிகள். கூட்டத்தில் யாராவது பிறரை இடித்துத் தள்ளினால் பாட்டைப் பாதியில் நிறுத்துவார்கள். அடங்காதவரை ஐந்து டாலரைத் திருப்பிக் கொடுத்து வெளியே அனுப்புவார்கள், அதற்கென உறையில் பணமும் தயாராக இருக்கும்.

பதிவுகளில் எனக்கு மிகவும் பிடித்தவை அந்த நிறுத்தங்களே. கிட்டார் சட்டென ஓய்கிறது, பாடகர் இயன் மெக்கே ஒருவரைக் குறிப்பிட்டு மரியாதை குறையாமல் கண்டிக்கிறார், கூட்டத்தில் சிலர் சிரிக்கிறார்கள், சிலர் பாட்டைத் தொடரச் சொல்லிக் கத்துகிறார்கள். எந்த ஸ்டுடியோவிலும் வெட்டி எறியப்பட்டிருக்கக்கூடிய இந்தத் துண்டுகளை அவர்கள் அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். ஆண்டுவாரியாகக் கேட்டுக்கொண்டு வருகிறேன். இன்னும் 1991ஐத் தாண்டவில்லை.