துப்பறியும் நாவல் என்றே இருக்கட்டும்

“பின்னட்டையிலிருந்து ‘துப்பறியும் நாவல்’ என்பதை எடுத்துவிடுங்கள், வரிசையில் சேர்த்துவிடலாம்” என்றார் பதிப்பகக் கூட்டத்தில் எங்கள் மூத்த பதிப்பாசிரியர். நான் மறுத்தேன், நாவல் இலக்கிய வரிசையில் இடம்பெறாமல் தனியே வெளிவந்தது. அவர் அதைப் பெருந்தன்மையோடு சொன்னார் என்பதுதான் இன்னும் என்னை உறுத்துகிறது. “இவ்வளவு நல்ல நாவலை ஏன் அந்தப் பெயரில் அடைக்க வேண்டும்?” என்றே கேட்டார்.

நான் அளித்த விடையைப் பலமுறை மனத்துக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அந்த நாவலில் விசாரணை அதிகாரி பாதிக் கதையிலேயே கொலையாளியை அறிந்துகொள்கிறார். பிறகு, தாம் அறிந்தது பொய்யாகிவிடாதா என்ற தவிப்போடு ஒவ்வொரு சாட்சியாகத் தேடிப் போகிறார். துப்பறியும் கதை வாசகருக்கு ஒரு வாக்குறுதி அளிக்கிறது: புதிர் அவிழும், குற்றவாளி பிடிபடுவார், குலைந்த ஒழுங்கு மீளும். இந்த ஆசிரியர் முதல் இரண்டையும் நிறைவேற்றிவிட்டு மூன்றாவதை மட்டும் தர மறுக்கிறார். அந்த வாக்குறுதியை நம்பி வந்த வாசகருக்குத்தான் அந்த மறுப்பு வலிக்கும். ஆகவே வகைமையை நீக்கினால் நாவலின் துயரமும் உடன் நீங்கிவிடும் என்றேன்.

அவர் கவிஞர் டபிள்யூ. எச். ஆடன் 1948-இல் எழுதிய கட்டுரையை நினைவுபடுத்தினார். துப்பறியும் கதைகள் தமக்குப் புகையிலையையும் மதுவையும் போன்ற பழக்கம் என்று ஒப்புக்கொள்ளும் ஆடன், அவற்றுக்கும் கலைக்கும் தொடர்பில்லை என்கிறார். முடித்தவுடன் கதை மறந்துவிடுகிறது, மறுபடி படிக்கும் விருப்பமும் எழுவதில்லை என்கிறார். விடையை மட்டுமே நம்பி எழுதப்பட்ட ஏராளமான கையெழுத்துப் பிரதிகளைத் திருப்பி அனுப்பியிருக்கும் என்னால் இதை எளிதில் தள்ளிவிட இயலாது. ஆனால் அதே கட்டுரையில் ஆடன், அமெரிக்கத் துப்பறியும் நாவலாசிரியர் ரேமண்ட் சாண்ட்லர் எழுத விரும்புவது துப்பறியும் கதைகளையே அல்ல என்று அவரைத் தனியே பிரித்தெடுத்து, அவருடைய நூல்களைக் கலைப்படைப்புகளாக மதிப்பிட வேண்டும் என்கிறார். இந்த முறையில் எந்த வகைமையும் ஒருபோதும் தேற முடியாது. சிறந்தவற்றையெல்லாம் வெளியே எடுத்துவிட்டு, எஞ்சியவற்றைக் காட்டி வகைமையே தாழ்ந்தது என்று தீர்ப்பு எழுதிவிடலாம். யதார்த்த நாவலை நாம் அப்படி நடத்துவதில்லை. அதில் மோசமானவை எத்தனை குவிந்தாலும் அதன் சிகரங்களைக் கொண்டே அதை அளக்கிறோம்.

இதைச் சொல்லி முடிக்கும்போது இருக்கும் உறுதி சற்று நேரத்தில் தளர்ந்துவிடுகிறது. புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’ பேய்க்கதைதான். ஆயினும் நாம் அதைப் பெரும்பாலும் புதுமைப்பித்தன் கதையென்றே வாசிக்கிறோம், அதனால் அதிலுள்ள அச்சம் சிறிதும் குறையவில்லை. பெயர் போன பிறகும் வடிவம் உள்ளே தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும் என்றால், அன்று நான் எதைக் காத்தேன்?

கூட்டத்துக்கு முன்பே நாவலாசிரியரிடம் கேட்டிருந்தேன். “துப்பறியும் நாவல்தான் எழுதினேன், அது வேறெதுவாகவும் ஆக வேண்டாம்” என்றார். என் மறுப்புக்கு அது போதுமான நியாயம் என்றே இன்றும் கருதுகிறேன். ஆனால் ஒரு நூலின் வாழ்வு அதை எழுதியவரின் விருப்பத்தோடு முடிந்துவிடுவதில்லை. இலக்கிய வரிசையில் வந்திருந்தால், அதை நிதானமாக, இரண்டாம் முறையும் படிக்கக்கூடிய வாசகர்கள் கிடைத்திருப்பார்கள். இப்போது வந்திருக்கும் விதத்தில், முதல் வாசிப்பில் விடைக்காக ஏங்கி, அது கிடைத்தும் ஆறுதல் கிடைக்காமல் தவிக்கும் வாசகர்கள் கிடைத்திருக்கிறார்கள். இவர்களில் யார் அந்த நாவலுக்கு அதிகம் தேவை என்பதில் மூத்த பதிப்பாசிரியருக்கும் எனக்கும் இன்னும் உடன்பாடு இல்லை.